காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிரை ஏறினேன்: குதிரைத் தெரபியில் பத்து வகுப்பு முடித்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கால் சரியாகவில்லை. சரியாகும் என்று நினைத்துப் போகவும் இல்லை. 1978ல் பிறந்தவன், ஒன்றரை வயதில் போலியோக் காய்ச்சல், அப்புறம் வலது கால் போச்சு, கதை அவ்வளவுதான். என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் இதே கதையுள்ள ஒரு சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ இருப்பார்கள். பல்ஸ் போலியோ சொட்டு மருந்து 1995ல் வந்தது, நாட்டில் கடைசி கேஸ் 2011 ஜனவரியில் வந்தது, ஆக நாங்கள்தான் கடைசி பேட்ச். புது ஆள் சேராத சங்கம். எங்களுக்கென்று இனி யாரும் தனியாக எதையும் ஆரம்பிக்கப் போவதில்லை, குழந்தைகளுக்கு என்று நடத்தும் இடத்தில் நாமாகப் போய் நுழைந்தால்தான் உண்டு. அப்படி நுழைந்த இடம்தான் இது.

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி உள்ளே போகிற மண் ரோட்டில், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு லாயம். எட்டு குதிரைகள், அதில் இரண்டு மட்டும் தெரபிக்கு. பெயரைப் போடப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இவர்களிடம் மட்டும் இருப்பவை அல்ல, இந்த மாதிரி இடம் எங்கே இருந்தாலும் பார்க்க வேண்டியவை. சனி, ஞாயிறு காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரைதான், அதற்கு மேல் வெயிலில் குதிரையும் தாங்காது நாமும் தாங்க மாட்டோம். அரை மணி நேரத்துக்கு 1,200 ரூபாய், பத்து வகுப்பாக எடுத்தால் 10,000. அரை மணி என்பது ஏறி இறங்குவதையும் சேர்த்து, குதிரை மேல் இருப்பது இருபது நிமிடம்தான். குறைவாகத் தெரியும், முதல் நாள் இறங்கியதும் தெரியாது.

போன காரணம் முதுகு. முப்பது வருடமாக காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) பூட்டிய காலை இடுப்பால் தூக்கி, அரைவட்டம் போட்டு முன்னால் கொண்டுவந்து வைத்து நடப்பவன், இப்போது இடுப்பும் முதுகும் கணக்கு கேட்க ஆரம்பித்துவிட்டன. என்னைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்தான் போகிற போக்கில் இந்தக் குதிரைச் சிகிச்சையை, ஹிப்போதெரபியை, சொன்னார். வீட்டில் ஹிப்போதெரபி என்றேன், மகள் "நீர்யானை மேலயாப்பா ஏத்துவாங்க?" என்றாள்.

ஃபோன் செய்தபோது எடுத்த பெண் முதலில் கேட்டது "குழந்தைக்கு என்ன வயசு சார்?" நாற்பத்தாறு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் எடை கேட்டார், எழுபத்தொன்று. 75 வரைதான் எடுப்போம் என்றார். இது சரியான கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது குதிரைக்காரர்களிடம் உள்ள பொதுக் கணக்கு, சேணத்தையும் சேர்த்து. 400 கிலோ குதிரை என்றால் 80. என்னைப் போல தானாகச் சமநிலை பிடிக்கத் தெரியாத ஆள் இன்னும் கனம், ஏனென்றால் மூட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்வோம். எடை கேட்காமல் வாங்க என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள்.

டாக்டர் கடிதமும் கேட்டார்கள். போலியோக் காலின் எலும்பு மெலிந்து இருக்கும், விழுந்தால் உடையும், அதனால் எனக்கு எலும்பு அடர்த்தி பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். அங்கே வரும் ஒரு டவுன் சிண்ட்ரோம் பையனுக்குக் கழுத்து எக்ஸ்ரே கேட்டிருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளும் தளர்வாக இருக்கும், குதிரை மேல் குலுங்கினால் ஆபத்து. வலிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், இடுப்பு மூட்டு நழுவியவர்கள், முதுகெலும்பு ரொம்ப வளைந்தவர்கள் எல்லோரையும் முதலில் டாக்டரிடம்தான் அனுப்புகிறார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போது யோசித்தால் இந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை வந்ததே இந்தக் காகித வேலையால்தான்.

சரி, ஏறுவதற்கு வருவோம். இங்கேதான் முதல் பிரச்சினை. மரத்தில் ஒரு மேடை, அதற்கு ஐந்து படி. சாய்தளம் கிடையாது. ஊனமுற்றவர்களுக்கான சவாரி என்று போர்டு வைத்துவிட்டு ஐந்து படி! காலிப்பரோடு குதிரை ஏற முடியாது, கம்பி குதிரையின் விலாவைக் குத்தும், அதனால் கீழேயே கழற்றியாக வேண்டும். கழற்றினால் நான் நிற்பது தொடையில் கையை ஊன்றித்தான். இரண்டு பையன்கள் ஓடிவந்து "தூக்கிடுறோம் சார்" என்று கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்னை யாரும் தூக்கவில்லை, இனிமேலும் தூக்க வேண்டாம் என்றேன். படியில் உட்கார்ந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினேன், எங்கள் ஆட்களுக்கு இது தெரியும், பேன்ட் பாழாகும் ஆனால் மானம் போகாது. பத்து வகுப்பும் அப்படித்தான். சாய்தளம் கட்டப்போகிறோம் என்று மூன்றாம் வகுப்பில் சொன்னார்கள், பத்தாம் வகுப்பிலும் அதையே சொன்னார்கள்.

எனக்குக் கொடுத்தது ஒரு பெண் குதிரை, கத்தியவாரி கலப்பு, காதுகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனியில் தொட்டுக்கொள்கிற மாதிரி நிற்கும். ராணி என்று பெயர், வேறென்ன பெயர் வைப்பார்கள். சேணம் இல்லை. தடிமனான ஒரு மெத்தை, அதன் மேல் கைப்பிடி வைத்த பட்டை, பிடித்துக்கொள்ள. பள்ளியில் அங்கவடி என்று படித்தது, கால் நுழைக்கும் வளையம், இங்கே ஸ்டிரப், அதுவும் எனக்கு வேண்டாம் என்றார்கள், உணர்வில்லாத கால் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும் என்று. உணர்வு இருக்கிறது, அசைவுதான் இல்லை என்று நான் திருத்தினேன். இது பலருக்குத் தெரியாது, போலியோ நரம்பில் அசைக்கிற பக்கத்தை மட்டும்தான் தின்னும், கொசு கடித்தால் எனக்கு நன்றாகவே தெரியும்.

அதனால்தான் அடுத்து நடந்தது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. என் வலது கால் எப்போதும் சில்லென்று இருக்கும். சித்திரை வெயிலில் கூட. தசை இல்லை, ரத்த ஓட்டம் மந்தம், மார்கழியில் நீலம் பாரித்துவிடும், சின்ன வயதில் அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்து என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். குதிரையின் உடம்புச் சூடு நம்மைவிடக் கொஞ்சம் கூட, 38 டிகிரியை ஒட்டி. மெத்தைக்குக் கீழே தொங்கிய என் கணுக்கால் நேராக ராணியின் வயிற்றில் பட்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் அந்தச் சூடு உள்ளே இறங்கியது. பாதம் வரைக்கும். நான் ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் நடந்த பையன் "பயமா இருக்கா சார்?" என்று இரண்டு தடவை கேட்டான்.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள், இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு. முன்னால் கடிவாளத்தைப் பிடித்து நடப்பது பாய், அறுபதைத் தாண்டியவர், கிண்டி ரேஸ் கோர்ஸில் நாற்பது வருடம் குதிரை பார்த்தவர். பின்னால் தெரபிஸ்ட், என் முதுகையே பார்த்துக்கொண்டு. அவர் பார்த்த முதல் விஷயம் நான் வலது பக்கம் இறங்கி உட்கார்ந்திருக்கிறேன் என்பது. அந்தப் பக்கம் பிட்டத்தில் சதை கிடையாதே. ஒரு டவலை நாலாக மடித்து என் வலது பக்கத்துக்குக் கீழே செருகினார். அவ்வளவுதான், நிமிர்ந்துவிட்டேன். இத்தனை வருடம் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்ததற்கு ஒரு டவல் போதுமாக இருந்திருக்கிறது (இப்போது ஆபீஸிலும் ஒன்று வைத்திருக்கிறேன்).

நடக்க ஆரம்பித்ததும் எனக்குப் புரிய இரண்டு சுற்று ஆனது. குதிரை ஒரு பின்னங்காலை எடுத்து வைக்கும்போது நம் இடுப்பில் அந்தப் பக்கம் ஒரு அசைவு, அடுத்த கால் வைக்கும்போது இந்தப் பக்கம். மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மூன்று திசையிலும் சேர்ந்து, நிமிடத்துக்கு நூறை ஒட்டி. மனிதன் நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ கிட்டத்தட்ட அதே மாதிரி, இதுதான் இந்தத் தெரபியின் மொத்த ரகசியமும். படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் படிப்பது வேறு. என் நடை என்பது இடது காலில் ஒரு டக், வலது காலில் ஒரு இழுவை, நினைவு தெரிந்த நாளிலிருந்து டக்-சர்ர், டக்-சர்ர் அவ்வளவுதான். ராணி மேல் இடது ஒன்று, வலது ஒன்று, இரண்டும் ஒரே அளவு. இரண்டும் ஒரே அளவு! சாயங்காலம் மனைவியிடம் "நீ நடக்கிறப்போ ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா இருக்கும்?" என்று கேட்டேன். "இதென்ன கேள்வி, எப்படி இருக்கும் பின்ன?" என்றாள்.

இப்போது தெரபிஸ்ட் விஷயம். விளம்பரத்தில் 'பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் மேற்பார்வையில்' என்று இருக்கிறது. பத்து வகுப்பில் அவர் வந்தது ஆறு. மற்ற நான்கில் குதிரை இருக்கிறது, பாய் இருக்கிறார், பையன்கள் இருக்கிறார்கள், என் முதுகைப் பார்க்க ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பில் டவல் வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான், இருபது நிமிடம் கோணலாகக் குலுங்கிவிட்டு வந்து இரண்டு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஒரு பையன் ஒரு கையில் என் பெல்ட்டும் மறு கையில் ரீல்ஸுமாக நடந்தான். கேட்டால் "நீங்கதான் நல்லா உக்காருறீங்களே சார்" என்கிறான். பணத்தில் குறைக்கச் சொன்னேன், குறைக்கவில்லை.

இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிப்போதெரபி என்பது பிசியோதெரபிஸ்ட்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ குதிரையின் அசைவை ஒரு கருவியாக வைத்துச் செய்யும் சிகிச்சை, நாம் குதிரையை ஓட்டுவதில்லை, குதிரைதான் நம்மை அசைக்கிறது. இன்னொன்று நம் உடம்புக்குத் தகுந்த மாதிரி மாற்றிச் சொல்லித்தருகிற குதிரையேற்றம், அதில் கடிவாளம் நம் கையில். இரண்டும் நல்லவைதான், ஆனால் தெரபிஸ்ட் இல்லாத நாளில் நடப்பது முதலாவது இல்லை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் தெரபி என்ற ஒரே போர்டு, ஒரே ரேட்.

பலன் யாருக்கு என்றால், நான் கண்ணால் பார்த்தது எனக்கு முந்தின நேரத்தில் வரும் ஏழு வயதுப் பையன். மூளை முடக்குவாதம், கால் இரண்டும் கத்தரி மாதிரிப் பின்னிக்கொள்ளும். முதலில் அவனைக் குதிரை மேல் கால் விரித்து உட்கார வைக்கவே ஐந்து நிமிடம் ஆகும். இறங்கும்போது அவன் அம்மா அவனைச் சாதாரணமாக இடுப்பில் வைத்துக்கொண்டு போவார், கால்கள் இரண்டு பக்கமும் தளர்ந்து தொங்கும். "சாயங்காலம் வரைக்கும் தாங்கும் சார், அப்புறம் பழையபடி இறுகிடும். ஆனா அன்னிக்கு மட்டும் பேன்ட் மாத்துறது ஈஸி" என்றார். இதைவிட நேர்மையான ரிவ்யூ நான் எழுத முடியாது. இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு உட்காரும் சமநிலை கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். ஆட்டிசத்துக்கு 2015ல் அமெரிக்காவில் நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள், ஒரு பாதி நிஜக் குதிரையோடு, இன்னொரு பாதி அதே லாயத்தில் குதிரை அளவு பொம்மையோடு, நிஜக் குதிரைப் பிள்ளைகளுக்கு எரிச்சலும் துறுதுறுப்பும் அதிகமாகக் குறைந்தன. ஆக சும்மா கதை இல்லை. அதற்காக நடக்க வைத்துவிடுவோம், பேச வைத்துவிடுவோம் என்று யாராவது சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

என் விஷயத்துக்கு, போலியோவுக்கு, ஆய்வு தேடி நேரத்தை வீணாக்கவில்லை. எனக்கு ஒரு டென்மார்க் பெண்மணி போதும், லிஸ் ஹார்ட்டல். 1944ல், இருபத்து மூன்று வயதில், கர்ப்பமாக இருக்கும்போது போலியோ. முழங்காலுக்குக் கீழே அசைவு கடைசிவரை திரும்ப வரவில்லை. குதிரை மேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரஸாஜ் (குதிரையைச் சொன்னபடி நேர்த்தியாக நடக்க வைக்கும் போட்டி) பிரிவில் வெள்ளி, அதுவும் ஆண்களோடு சேர்ந்து போட்டியிட்டு, அதற்கு முன்பு வரை அந்தப் போட்டியே ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான். தங்கம் வாங்கிய சுவீடன்காரர் கைகொடுத்து மேடை ஏற்றினார். நான்கு வருடம் கழித்து மறுபடி வெள்ளி, மெல்போர்ன் ஒலிம்பிக்கில், குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடந்தன, ஆஸ்திரேலியாவில் வெளியூர்க் குதிரையை உள்ளே விடாத சட்டத்தால். ஊனமுற்றவர்களுக்குக் குதிரையேற்றம் என்று ஐரோப்பாவில் சூடு பிடித்ததே அவருக்குப் பிறகுதான். இதை ஒருநாள் பாயிடம் மூச்சு விடாமல் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு "குதிரை பேரு இன்னா?" என்றார். ஜூபிலி என்றேன். தலையை ஆட்டினார். "முழங்காலுக்குக் கீழ தாங்கல் இல்லாத ஆளை வெச்சுக்கிட்டு ரெண்டு தடவ மெடல் வாங்கிருக்குன்னா, தம்பி, அது குதிரை."

அந்த பாய்தான் இந்த இடத்துக்கு நான் கொடுக்கும் முழு மதிப்பெண்ணும். ஏழாம் வகுப்பில் நான் காலிப்பர் கழற்றி, ஐந்து படி ஏறி, மேடையில் உட்கார்ந்த பிறகு, அவர் ராணியை மேடைக்குக் கொண்டு வராமல் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். அந்த வளைந்த காது இரண்டும் பின்னால் படிந்து கிடந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் குளம்பில் ஜிகினா, பிடரியில் பாதி பிய்ந்த சாமந்தி. முந்தின நாள் ராத்திரி மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போயிருக்கிறது, பேண்டு செட்டும் பட்டாசுமாக, வந்து சேர ஒரு மணி. "இன்னிக்கு இது ஆகாது தம்பி. உங்கள ஏத்துனா தப்பு என்மேல" என்றார். முதலாளி ஃபோனில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது, அவர் அசையவில்லை. என் வகுப்பு போச்சு, அதற்கும் காசு கழித்துக்கொண்டார்கள், அடுத்த வாரம் சண்டை போட்டுத்தான் திரும்ப வாங்கினேன். தெரபிக் குதிரையைக் கல்யாணத்துக்கு அனுப்புவது என்ன நியாயம் என்று கேட்டால் "தீனிச் செலவு தெரியுமா சார்" என்கிறார்கள். தெரியும், கொள்ளு விலை எனக்கும் தெரியும். சிங்கப்பூரில் 1982லிருந்து இதற்கென்றே ஒரு சங்கம் நன்கொடையில் ஓடுகிறது, வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. நம் ஊரில் குதிரையே சம்பாதித்துத் தன் தெரபியை நடத்த வேண்டியிருக்கிறது.

மற்ற சில்லறை விஷயங்கள்: கழிவறை இந்தியன் டைப், முன்னால் இரண்டு படி, ஆகவே வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள். ஹெல்மெட் பொதுவில் ஐந்தாறு இருக்கிறது, நாற்றம், சொந்தமாக ஒன்று வாங்குவது நல்லது. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள், லாயம் அல்லவா. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வருகிறவர்கள் மண் ரோட்டில் மழை நாளில் இறங்காதீர்கள், நான் ஒருமுறை புதைந்து சவுக்கு வெட்ட வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். போலியோக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: வயதான பிறகு வரும் களைப்பும் புது பலவீனமும் நமக்கு உண்டு, ஆர்வத்தில் வாரம் இரண்டு நாளும் என்று போகாதீர்கள். எனக்கு வாரம் ஒன்றுதான் ஒத்துவந்தது, மறுநாள் இடது தொடை உள்பக்கம் பிடித்துக்கொள்ளும், அதற்கு அடுத்த நாள் சரி.

முதுகு? கொஞ்சம் பரவாயில்லை. அது குதிரையாலா டவலாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். காலில் ஏறிய சூடு, குதிரையை விட்டு இறங்கிய பிறகு ஒரு மணி நேரம்தான் நிற்கும், வண்டி ஓட்டி நீலாங்கரை வருவதற்குள் பழையபடி சில்லென்று ஆகிவிடும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், சாய்தளம் கட்டி, தெரபிஸ்ட் பத்துக்குப் பத்து வந்தால் நாலரை.

அடுத்த பத்துக்கும் பணம் கட்டியாகிவிட்டது. இந்த முறை தேதி கொடுப்பதற்கு முன்னால் தினசரி காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், முதல் நாள் ராத்திரி ஊர்வலம் இருக்கும், முகூர்த்த நாள் எதுவும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆவணியில் ஒரு ஞாயிறுதான் தேறியது.